மார்கழியில் ஓய்வெடுப்பது எப்படி: சேலத்தில் ஒரு மாதம், ஏற்காட்டில் இரண்டு இரவு

குளியலறையில் இருக்கும் தேங்காய் எண்ணெய் பாட்டில்தான் நம் ஊர் வெப்பமானி. 24 டிகிரிக்குக் கீழே போனால் அந்த எண்ணெய் உறையத் தொடங்கும். கார்த்திகை முடிகிற சமயத்தில் ஒருநாள் காலையில் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒன்றும் வராது. அடியில் வெள்ளையாகக் கட்டி நிற்கும். பனி இறங்கிவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கே இந்த மாதத்துக்கான ஏற்பாட்டைத் தொடங்குங்கள். மார்கழி ஒன்றாம் தேதி எழுந்து "இன்றிலிருந்து ஓய்வு" என்று அறிவித்தால், மூன்றாம் தேதிக்குள் அது காணாமல் போய்விடும். ஓய்வுக்கும் முன்வேலை உண்டு.

சேலத்துக் குளிரைக் குளிர் என்று சொன்னால் ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். இரவில் 19, 20 டிகிரி, பகலில் 30-ஐத் தொட்டுவிடும். ஏற்காட்டில் இரவு 12, 13 டிகிரி. சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்ற கணக்கு இங்கே அப்படியே பொருந்துகிறது.

குளிரை விட வெளிச்சக் குறைவுதான் உடம்பை மந்தமாக்குகிறது. டிசம்பர் 21 வாக்கில் சேலத்தில் பகல் சுமார் பதினொன்றரை மணி நேரம். ஜூனில் பன்னிரண்டே முக்கால். இன்னொன்றும் இருக்கிறது. டிசம்பர் 21-க்குப் பிறகு பகல் நீள ஆரம்பித்தாலும், காலை விடிவது மட்டும் தள்ளிக்கொண்டே போகும். அன்றைக்கு ஆறரை மணிக்கு உதிக்கும் சூரியன், ஜனவரி மூன்றாம், நான்காம் வாரத்தில் 6.40-ஐத் தாண்டித்தான் எட்டிப்பார்க்கும். நீளும் வெளிச்சமெல்லாம் சாயங்காலத்தில் போய்ச் சேருகிறது. மார்கழிக் கடைசியில் எழுந்திருக்க இன்னும் கஷ்டமாக இருந்தால் சோம்பேறி என்று உங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம்.

முதலில் காலண்டரைக் காலி செய்யுங்கள்

மார்கழி டிசம்பர் 16 அல்லது 17-ல் பிறந்து ஜனவரி 13 அல்லது 14-ல் முடியும். கல்யாணம் கிடையாது, கிரகப்பிரவேசம் கிடையாது, காதுகுத்து கிடையாது. பீடை மாதம் என்பார் ஒருவர். பீடுடைய மாதம் என்பதுதான் அப்படி மருவிவிட்டது என்பார் இன்னொருவர். வழக்கு எப்படி முடிந்தாலும் நமக்கு லாபம்தான். பத்திரிகை வராது, மொய் எழுத வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மண்டபத்துக்கு ஓட வேண்டாம். ஆடியை விட்டால், நாலு ஞாயிறு சேர்ந்தாற்போல் வெறுமனே கிடைப்பது இந்த மாதத்தில்தான்.

அந்த வெற்றிடத்தை நிரப்ப ஆட்களும் வேலைகளும் தானாக வரும். அதற்குள் கார்த்திகைக் கடைசி வாரத்தில் சில காரியங்களை முடித்துவிடுங்கள். ஈபி பில், இன்சூரன்ஸ், சீட்டுப் பணம் என்று மார்கழிக்குள் தேதி விழும் எல்லாவற்றையும் முன்கூட்டியே கட்டுங்கள், அல்லது பணத்தைக் கவரில் போட்டு மேலே தேதி எழுதி வையுங்கள். மளிகையை ஒரே முறையில் வாங்குங்கள்: கொள்ளு 1 கிலோ, பாசிப்பருப்பு 1 கிலோ, மிளகு 100 கிராம், சீரகம் 200 கிராம், சுக்கு 50 கிராம், நல்லெண்ணெய் 1 லிட்டர், கோலமாவு. புதிதாக யார் எந்த வேலையைக் கொண்டுவந்தாலும் "பொங்கல் கழிச்சுப் பாத்துக்கலாம்" என்று சொல்லுங்கள். தமிழ்நாட்டில் யாரும் இந்தப் பதிலைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. எதிராளியும் அதைத்தான் சொல்ல நினைத்திருப்பார்.

எல்லோராலும் மாதம் முழுக்க ஒதுங்க முடியாது. கொலுசுப் பட்டறை, தறி, ஜவுளிக்கடை என்று இருப்பவர்களுக்குப் பொங்கலுக்கு முந்தைய இந்த மாதம்தான் உச்சம். அவர்கள் காலையில் அரை மணி நேரம், வாரத்தில் ஒரு அரைநாள் என்று குறைத்துக்கொண்டு, அதை மட்டும் விடாமல் பிடித்தால் போதும். மீதி ஓய்வைத் தை பிறந்து பத்து நாள் கழித்து எடுத்துக்கொள்ளலாம். பனி மாசி வரை ஓடிப்போகாது.

வீட்டில் ஓய்வு யாருக்கு என்பதையும் முதலிலேயே பேசித் தீர்த்துவிடுங்கள். மார்கழி பெண்களுக்கு வேலை கூட்டும் மாதம்: வாசல் தெளிப்பது, கோலம், விடியற்காலைப் பொங்கல், விரதம். வீட்டுக்காரர் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு "மார்கழி ஓய்வு" என்று சொல்லிக்கொண்டிருந்தால் அது ஓய்வே இல்லை, வேலையை இன்னொருவர் தலையில் கட்டுவது. கோலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து புள்ளிக் கோலம் பத்து நிமிடத்தில் முடியும். இருபத்தோரு புள்ளி வைத்து வண்ணமும் போட்டால் ஒன்றரை மணி நேரம் குனிந்தே இருக்க வேண்டும், இடுப்பு பிடித்துக்கொள்ளும். வாரத்தில் ஆறு நாள் சின்னக் கோலம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பெரிது, அதுவும் வீட்டில் எல்லோரும் சேர்ந்து என்று வைத்துக்கொள்ளலாம்.

அரைகுறை ஓய்வு ஏன் ஆகாது

ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் மார்கழி ஓய்வுக் காலம் இல்லை. நவம்பரில் தொடங்கும் பழப் பறிப்பு ஜனவரி வரை போகும். கூடையும் கோணிச் சாக்குமாக ஆட்கள் சரிவில் நின்றுகொண்டிருப்பார்கள், களத்தில் பழம் காய்ந்துகொண்டிருக்கும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்த காலத்திலிருந்து இந்த மலையின் ஆண்டுக்கணக்கு இந்தச் செடியைச் சுற்றித்தான் ஓடுகிறது. பறிப்பு முடிந்த பிறகுதான் செடிக்கு ஓய்வு.

அந்த ஓய்வு எப்படிப்பட்டது என்று பார்த்தால் நமக்கும் ஒரு அளவு கிடைக்கும். அடுத்த வருஷத்துப் பூமொக்குகள் இந்தக் குறும்பகல் மாதங்களிலேயே கட்டத் தொடங்கிவிடுகின்றன. கட்டினதும் விரியாது, அப்படியே உறங்கும். அந்த உறக்கம் கலைய, சில வாரம் தண்ணீரே இல்லாத வறட்சி வேண்டும். பிறகு மார்ச், ஏப்ரலில் சுமார் 25 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு நல்ல மழை. தோட்டக்காரர்கள் பூமழை என்பது அதைத்தான். பெய்த ஒன்பதாம், பத்தாம் நாள் மலை முழுக்க வெள்ளையாகப் பூக்கும், மல்லிகை போல வாசம் அடிக்கும். நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தூறல் விழுந்தால் கொஞ்சம் மொக்கு இன்றைக்கு, கொஞ்சம் அடுத்த மாதம் என்று பூ சிதறிவிடும். அப்புறம் பழமும் ஒரே சமயத்தில் பழுக்காது, ஒரே செடிக்கு ஐந்தாறு முறை ஆள் விட வேண்டியிருக்கும்.

மாதம் முழுக்க ஓய்வு என்று சொல்லிவிட்டுப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போனைப் பார்ப்பது அந்தத் தூறல்தான். அதைவிட ஒரு நாளில் இரண்டு மணி நேரம் முழுசாக நிறுத்துவது மேல். அந்த இரண்டு மணி நேரத்தைக் காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். கீழே வருபவை அந்த இரண்டு முனைகளுக்குமான வழிமுறை.

இரவுப் பக்கம்

சேலத்தில் பெரும்பாலான தெருக்களில் கோயில் ஒலிபெருக்கி ஐந்து மணிக்குள் எழுப்பிவிடும். காலையில் கூடுதலாகத் தூங்கி ஈடுகட்டலாம் என்பது மார்கழியில் நடக்காது. இரவில்தான் முன்னால் படுக்க வேண்டும். ஐந்து மணிக்கு எழ வேண்டுமானால் ஒன்பதரைக்கு விளக்கை அணைத்திருக்க வேண்டும். அப்போதுதான் ஏழரை மணி நேரம் கிடைக்கும். இதுவரை பதினொன்றரைக்குப் படுத்தவர் முதல் நாளே ஒன்பதரைக்குப் படுத்தால் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். மூன்று நாளுக்கு இருபது நிமிடம் என்று முன்னே நகர்த்துங்கள். மூன்று வாரத்தில் வந்து சேர்ந்துவிடும். அதனால்தான் கார்த்திகையிலேயே தொடங்கச் சொன்னது.

கடைசிக் காபி மூன்று மணிக்கு. காபியின் வீரியம் உடம்பில் பாதியாகவே ஐந்து மணி நேரம் ஆகும். ஆறு மணிக்குக் குடித்த டம்ளரில் பாதி பதினொரு மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். காபி விளைகிற மலைக்குக் கீழே குடியிருந்துகொண்டு இதைச் சொல்வது கொஞ்சம் கொடுமைதான். சாயங்காலம் சுக்குமல்லிக்கு மாறுங்கள்: சுக்கு 50, மல்லி 100, மிளகு 10 கிராம், ஏலக்காய் 5, மல்லியை மட்டும் லேசாக வறுத்து எல்லாவற்றையும் கொரகொரப்பாகப் பொடித்தால் மாதம் ஓடும். ஒரு டம்ளருக்கு அரை டீஸ்பூன், கருப்பட்டி, மூன்று நிமிடக் கொதி. பால் வேண்டாம்.

போன் ஏழு மணிக்கு பீரோவுக்குள் போக வேண்டும். "அலாரம் வைக்கணுமே" என்று ஒரு சாக்கு வரும். ஒரு மேசைக் கடிகாரம் வாங்கினால் அந்தச் சாக்கும் போய்விடும். வயதான பெற்றோர் வெளியூரில் இருந்தால் அவர்கள் எண்ணுக்கு மட்டும் மணி அடிக்கும்படி வைத்துவிட்டு, போனைக் கூடத்தில் வையுங்கள், படுக்கையறையில் வேண்டாம்.

தரையில் படுப்பவர்களுக்குக் குளிர் கீழிருந்துதான் ஏறும். மேலே இரண்டு போர்வை போர்த்தியும் நடுங்குகிறவர்கள் அடியில் பாயை மட்டும் விரித்திருப்பார்கள். பாய்க்கு மேல் ஜமக்காளம், அதற்கு மேல் ஒரு பருத்திப் போர்வை. மேலே ஒன்று போதும்.

ராச்சாப்பாடு ஏழரைக்குள். ஐந்து ரோடு பக்கம் தட்டுவடை செட் வாசனை இழுக்கும்தான். வாரத்துக்கு ஒருநாள் போய்விட்டு வாருங்கள், அதை ஆறு மணிக்கே முடித்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் கொள்ளு ரசமும் குழைந்த சோறும். இதைச் சரியாக வைத்தால் குளிர்கால இரவுக்கு இதற்கு ஈடு கிடையாது. பல வீடுகளில் இது பிடிக்காமல் போனதற்குக் காரணம் வைத்த விதம்தான்.

நான்கு பேருக்குக் கொள்ளு 100 கிராம். முதலில் தட்டில் பரப்பிக் கல் பாருங்கள்; கொள்ளில் கிடக்கும் கல் கொள்ளு நிறத்திலேயே இருக்கும், டியூப் லைட்டில் தெரியாது, பகலிலேயே பார்த்து வையுங்கள். எட்டு மணி நேரம் ஊற வையுங்கள். ஊறின தண்ணீரைக் கொட்டிவிட்டு 1 லிட்டர் புதுத் தண்ணீர் விட்டுக் குக்கரில் ஏழு விசில், பிறகு சிறுதீயில் பத்து நிமிடம். திறந்து ஒரு மணியை விரலால் நசுக்கினால் மாவாகப் போக வேண்டும். நடுவில் வெள்ளைக் கட்டி தட்டுப்பட்டால் இன்னும் மூன்று விசில். குறைவாக வெந்த கொள்ளில்தான் அந்தப் பச்சை வாடை வரும், வயிறும் உப்பும்.

தண்ணீரை வடித்தால் 700 மில்லி அளவுக்கு, லேசான செங்காவி நிறத்தில் நிற்கும். வெந்த கொள்ளில் இரண்டு டேபிள்ஸ்பூன் எடுத்து அரைத்து அதிலேயே கரைத்துவிடுங்கள். இல்லையென்றால் ரசம் நீர்த்துப்போகும். மிளகு 1 டீஸ்பூன், சீரகம் ஒன்றரை டீஸ்பூன், பூண்டு 6 பல், வரமிளகாய் 1, எல்லாவற்றையும் அம்மியிலோ உரலிலோ தட்டிக்கொள்ளுங்கள். மிக்ஸியில் போட்டால் இரண்டே சுற்று. நைசாகப் போனால் ரசம் குழம்பு மாதிரி ஆகிவிடும். நல்லெண்ணெய் 2 டீஸ்பூனில் கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து, தட்டினதைப் போட்டு அரை நிமிடம் புரட்டி, ஒரு தக்காளியும் நெல்லிக்காய் அளவுப் புளிக்கரைசலும் உப்பும் சேர்த்து எட்டு நிமிடம் கொதிக்க விடுங்கள். புளியின் பச்சை வாசம் போனபின் கொள்ளுத் தண்ணீரை ஊற்றுங்கள். ஓரத்தில் நுரை கட்டி நடுவை நோக்கி வரும்போது அடுப்பை அணைத்துவிடுங்கள். அதன்பின் ஒரு கொதி வந்தாலும் மிளகு சீரக வாசம் ஆவியோடு போய்விடும், அடியில் மண்டியும் கட்டும். மீந்த கொள்ளு காலையில் சின்ன வெங்காயத்தோடு துவையல் ஆகும். வயிற்றில் புண், நெஞ்செரிச்சல் இருப்பவர்கள் மிளகைப் பாதியாக்குங்கள்.

காலைப் பக்கம்

எழுந்ததும் முதல் ஒரு மணி நேரத்தில் எந்தச் செய்தியும் உள்ளே வரக் கூடாது, பேப்பரும் சேர்த்துத்தான். வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு டம்ளர், வாசல் வேலை, பிறகு உட்கார்வது. கோயிலுக்குப் போகிறவர்களுக்கு இந்த நேரம் தானாக அமைந்துவிடும். திருப்பாவை 30 பாட்டு, நாளுக்கு ஒன்று என்பது நம் ஊரில் பழைய ஏற்பாடு. ஒரு நாளைக்கு ஒன்றுதான், ஏழெட்டைச் சேர்த்து ஒப்பிக்கக் கூடாது என்ற அந்த அளவு, பக்தி இல்லாதவருக்கும் பயன்படும். எதை வாசித்தாலும் ஒரு பக்கம் வாசித்து மூடிவிட்டு, இருபது நிமிடம் சும்மா இருங்கள். சும்மா இருப்பது முதல் வாரம் அரிப்பெடுக்கும். கை தானாகப் போனைத் தேடும். கைக்கு வேலை கொடுங்கள்: மொச்சை உரிப்பது, பூக் கட்டுவது, துவரங்காய் உடைப்பது. பச்சை மொச்சையும் பச்சைத் துவரையும் இந்தச் சமயத்தில்தான் சந்தைக்கு வரும். அரைக் கிலோ உரிக்க அரை மணி நேரம் ஆகும். தியானம் வராது என்று சொல்கிறவர்கள் பலருக்கு இது வரும்.

சூரியன் வந்தபிறகு இருபது, முப்பது நிமிட நடை. கண்ணில் காலை வெளிச்சம் பட்டால்தான் உடம்பின் கடிகாரம் இரவு ஒன்பதரைக்குத் தூக்கத்தைக் கொடுக்கும். கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரை இதற்கு அருமையான இடம்; நீர்ப்பறவைகள் மழைக்குப் பின் கூடுதலாக இருக்கும். இருட்டோடு ஐந்து மணிக்கே வேகநடை போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும். பிரஷர், இதயக் கோளாறு, ஆஸ்துமா இருப்பவர்கள் ஏழு மணிக்குப் பிறகே கிளம்பட்டும். காதையும் தலையையும் மூடும் மஃப்ளரைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

எண்ணெய்க் குளியல் வாரம் ஒன்று. நல்லெண்ணெய் 50 மில்லி, நாலு மிளகு போட்டு வெதுவெதுப்பாக்கி, தேய்த்து இருபது நிமிடம் மட்டும். வெயிலில் ஊறுகிறேன் என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் மார்கழியில் சளிதான் பிடிக்கும். பத்து மணிக்குள் குளித்துவிடுங்கள், அன்றைக்குப் பகல் தூக்கம் வேண்டாம். சைனஸ் உள்ளவர்கள் தலையை விட்டு உடம்புக்கு மட்டும்.

சமையலறைக் காலண்டரைப் படிப்பது

வருஷத்தைத் திரும்பிப் பார்க்க உட்காருகிறவர்கள் பலரும் வெறும் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேனாவைக் கடிப்பார்கள். நினைவை மட்டும் நம்பினால் கடைசி இரண்டு மாதமும், பெரிய சண்டைகளும்தான் வரும். உங்கள் வீட்டு வருஷம் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது, ஃபிரிட்ஜ் பக்கத்தில் ஆணியில் தொங்கும் மாதக் காலண்டரில். டிசம்பர் முடிந்ததும் கடை கொடுத்த புதுக் காலண்டரை மாட்டிப் பழையதைப் பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.

அதை ஒரு முறை உற்றுப் பாருங்கள். பால் கணக்கு: கட்டத்தின் மூலையில் "½", சில நாட்களில் "1½", சில நாட்களில் பெருக்கல் குறி. ஒன்றரை விழுந்த நாட்களில் வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறார்கள். பெருக்கல் தொடர்ச்சியாக நாலு நாள் என்றால் வீடு பூட்டிக் கிடந்திருக்கிறது, ஊருக்கா, ஆஸ்பத்திரிக்கா? சிலிண்டர் மாற்றிய தேதி. சீட்டு எடுத்த தேதி. ஒரு டாக்டர் அப்பாயின்ட்மென்ட், அடித்துவிட்டு அடுத்த வாரம் எழுதி, அதையும் அடித்திருக்கும். யாரோ அவசரத்தில் எழுதிய போன் நம்பர், பெயர் இல்லாமல். ஒரு மாதம் முழுக்க பால் கணக்கே எழுதவில்லை என்றால் அந்த மாதம் என்ன நடந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஏதோ நடந்திருக்கும்.

நாலு சாயங்காலம், ஒவ்வொன்றிலும் மூன்று மாதம். நாற்பது பக்க நோட்டு போதும். ஒரு மாதத்துக்கு மூன்று வரி மட்டும்: காசு எதில் போனது, உடம்பு எதில் போனது, எது மிச்சம் நின்றது. மூன்றாவது வரிக்கு யோசிக்க வேண்டியிருக்கும். "ஒன்றுமில்லை" என்றும் எழுதலாம். காசு வரிக்கு ஈபி கணக்கையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு பில், ஆக ஆறு எண். கோடையில் எகிறி இருக்கும், அது ஏசி. மற்ற மாதங்களில் எகிறினால்தான் கேள்வி.

இது கெட்டுப்போகும் வழி இரண்டு. ஒன்று, புகார்ப் பட்டியலாக மாறுவது: மாமியார் அப்படிச் சொன்னார், மச்சினன் இப்படிச் செய்தான் என்று பக்கம் நிரம்பும். மூன்று வரிக்கு மேல் எழுதக் கூடாது என்பதே அதற்கு மருந்து. இன்னொன்று, இரண்டாம் நாளே அடுத்த வருஷத் திட்டம் போட ஆரம்பிப்பது. நாலு சாயங்காலமும் முடியும்வரை "இனிமேல்" என்ற சொல் நோட்டில் வரவே கூடாது. முடிந்தபின் ஒரு பக்கத்தை மூன்றாக மடித்து முடிந்தது, தொங்கலில் இருப்பது, இனி வேண்டாம் என்று பிரித்து எழுதுங்கள். தொங்கலில் ஐந்துக்கு மேல் இருந்தால், அவற்றில் பாதி உண்மையில் மூன்றாவது பத்திக்குப் போக வேண்டியவை.

இப்படி உட்காரும்போது அழுகை வருவது சகஜம், அந்த வருஷம் வீட்டில் ஒரு சாவு நடந்திருந்தால் இன்னும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வராமலோ, எழுந்திருக்கவே மனமில்லாமலோ, எதிலும் பிடிப்பில்லாமலோ இருந்தால் அது குளிர்கால மந்தம் கிடையாது, ஓய்வால் சரியாகவும் ஆகாது. டாக்டரைப் பாருங்கள். அரசின் டெலிமானஸ் எண் 14416, கட்டணமில்லை, தமிழில் பேசலாம்.

ஏற்காட்டில் இரண்டு இரவு

போகும் தேதிதான் பாதி வெற்றி. கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி 2 வரையும் பொங்கல் விடுமுறையிலும் ஏற்காட்டில் ஹார்ன் சத்தம்தான் கேட்கும். டிசம்பர் மூன்றாம் வாரம் அல்லது ஜனவரி முதல் வாரம் தாண்டி, திங்கள் ஏறி புதன் இறங்குங்கள். வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் மிச்சம் இருக்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து, மரம் விழுந்து போக்குவரத்தே நின்றது. புயல் அறிவிப்பு இருந்தால் அறை வாடகை போனாலும் பரவாயில்லை, போகாதீர்கள்.

புதிய பஸ் ஸ்டாண்டிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், ஒரு மணி நேரம், அடிவாரம் தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவு. வாந்தி வருகிறவர்கள் முன்பக்க சீட்டில் உட்கார்ந்து தூரத்து ரோட்டைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள். காரில் வந்தால் ஏறும் வண்டிக்கு வழி விடுங்கள். இறங்கும்போது இரண்டாவது கியர், பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போகும். மூடுபனியில் ஹெட்லைட் லோ பீமில் இருக்கட்டும். ஹை பீம் போட்டால் பனி வெள்ளைச் சுவர் மாதிரி எதிரே நிற்கும். நாலு மணிக்குள் இறங்கிவிடுங்கள்.

மூட்டையில் காலுறை இரண்டு ஜோடி, உள்ளாடை நாளுக்கு ஒன்றுக்கு மேல் இரண்டு (துவைத்தால் காயாது), டார்ச், மெழுகுவர்த்தி, நோட்டு. அறைக்குள் போனதும் மெத்தையைத் தொட்டுப் பாருங்கள்; ஈரம் அடித்தால் பகலிலேயே வெயிலில் போடச் சொல்லுங்கள், ராத்திரி கேட்டுப் பயனில்லை. எக்காரணம் கொண்டும் கதவு ஜன்னலை அடைத்துவிட்டு அறைக்குள் கரியடுப்போ, கறி சுட்ட தணலோ வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசமே கிடையாது; தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிக் காலடியில் வைத்தால் போதும்.

நீங்களே சமைப்பதாக இருந்தால், இந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதை மனதில் வையுங்கள். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக வெகுநேரம் ஆகும். கொள்ளைப் பற்றிப் பேச்சே வேண்டாம். குக்கரை எடுத்துப் போங்கள், வழக்கத்தைவிட ஒரு விசில் கூட.

முதல் நாள் எதையும் பார்க்கப் போகாதீர்கள். ஏரிப்பக்கம் படகுத்துறைக் கூட்டத்தை விட்டுவிடுங்கள். இரண்டாம் நாள் காலை, பனி விலகினபின், சேர்வராயன் கோயில் ரோட்டில் நடக்கலாம்; கோயில் இருக்குமிடம் சுமார் 5,300 அடி, குகைக்குள் குனிந்துதான் போக வேண்டும். எட்டு மணிக்கு முன்பும் மாலை ஆறுக்குப் பிறகும் ஒதுக்குப்புற ரோட்டில் நடப்பதைத் தவிருங்கள், காட்டுமாடு நடமாட்டம் உண்டு. காபித் தோட்டத்துக்குள் கேட்காமல் நுழையாதீர்கள். அங்கே ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள், உங்கள் ஓய்வுக்கு அவர்கள் பின்னணி ஆக வேண்டாம். சாயங்காலம் லேடீஸ் சீட்டுக்கு ஒரு முறை போய்க் கீழே பாருங்கள். இருட்டியபின் சேலம் முழுக்க விளக்குப் புள்ளிகளாகத் தெரியும். எந்தப் புள்ளி உங்கள் தெரு என்று கண்டுபிடிக்க முடியாது. அரை மணி நேரம் தேடலாம்.

போகிக்கு முன்

"இனி வேண்டாம்" பத்தியில் எழுதினதில் கையால் தொடக்கூடியவை எல்லாம் போகிக்கு மூன்று நாள் முன்னால் கூடத்துக்கு வரட்டும். போகியன்று காலையில் தொடங்கினால் எல்லாம் பரண்மேலேயே திரும்பப் போகும். உடுத்தக்கூடிய துணி தனியாக, பேப்பர் தனியாக. பிளாஸ்டிக், டயர், ரெக்சின் எதையும் கொளுத்தாதீர்கள். பனிக்காற்று அசையாது, அந்தப் புகை அப்படியே தெருவில் நிற்கும், பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத்தான் இழுப்பு வரும்.

கடைசியாகப் பாத்திர அலமாரி. அடுக்கைப் பிரித்தால் உங்களுடையதல்லாத டப்பா, சம்படம், தூக்கு ஐந்தாறாவது இருக்கும். அடியில் வேறு பெயர் வெட்டியிருக்கும். சித்தி வடகம் கொடுத்தனுப்பியது, மாடி வீட்டு அக்கா பாயசம் கொடுத்தது. எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வரிசையாக வையுங்கள். வெறும் பாத்திரமாகத் திருப்பக் கூடாது. ஒரு கைப்பிடி சர்க்கரையோ, உரித்து வைத்த மொச்சையோ போட்டு, நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள், பிள்ளைகளிடம் அனுப்ப வேண்டாம். போகிக்கு முந்தின சாயங்காலத்துக்குள் கொடுத்துவிடுங்கள். பொங்கலன்று அவர்களுக்கு அந்தத் தூக்கு தேவைப்படும்.